தலை நிமிர்ந்து பார்த்த ஊர்
பினாங்கு வானில் சிறு விமானங்கள்

1941-ஆம் ஆண்டு டிசம்பர் 11-ஆம் நாள், வியாழக்கிழமை. முற்பகல் நேரம். இன்று கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலை என்று அழைக்கப்படும் தெருவுக்கு அன்று பிட் ஸ்திரீட் என்று பெயர். அந்தத் தெருவிலும் அதைச் சுற்றியிருந்த சூலியா ஸ்திரீட், பீச் ஸ்திரீட் பகுதிகளிலும் கடைகள் திறந்திருந்தன. திடீரென்று வானத்தில் விமான இரைச்சல் கேட்டது.

ஜோர்ஜ்டவுன் மக்கள் ஓடி ஒளியவில்லை. வீட்டுக்குள் இருந்தவர்களும் தெருவுக்கு வந்தார்கள். பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு, கையை நெற்றியில் வைத்து, அண்ணாந்து பார்த்தார்கள். வந்தவை ஜப்பானிய விமானங்கள். சற்று நேரத்தில் குண்டுகள் விழுந்தன. நூற்றுக்கணக்கான உயிர்கள் அந்தத் தெருக்களிலேயே போயின.

அவர்கள் ஏன் ஓடவில்லை? பாதுகாப்பு அரண்கள் போதிய அளவு இல்லை. நம்மை யார் தாக்கப் போகிறார்கள் என்ற நம்பிக்கை ஒரு பக்கம். வெள்ளைக்காரன் விமானமாக இருக்கும் என்ற எண்ணம் இன்னொரு பக்கம். இவற்றோடு வேறொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. அதற்கு முந்திய ஆறேழு ஆண்டுகளாகப் பினாங்கு மக்களுக்கு விமானம் என்றால் அது ஒரு வேடிக்கை. இரண்டு பேர் மட்டுமே உட்காரக்கூடிய, துணி போர்த்திய சின்னஞ்சிறு விமானம் தலைக்கு மேல் போனால் வேலையைப் போட்டுவிட்டுப் பார்ப்பார்கள். அந்த மகிழ்ச்சிதான் அவர்களைத் தெருவுக்கு இழுத்து வந்தது என்று எண்ணினால் நெஞ்சு கனக்கிறது.

அந்த மகிழ்ச்சி எங்கிருந்து வந்தது? யாருக்குக் கிடைத்தது? யாருக்குக் கிடைக்காமல் போனது? நேயர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய வரலாறு இது.

ஹோட்டல்காரரின் விமானம்

தமிழர்கள் வாழும் மண்ணில் விமானம் முதலில் எழும்பியது சென்னையில்தான். 1910 மார்ச் மாதம். மவுண்ட் ரோட்டில் ஹோட்டல் நடத்திக்கொண்டிருந்த ஜியாகோமோ டி ஏஞ்சலிஸ் என்பவர், சிம்ப்சன் நிறுவனத்தில் தமக்கென்று ஒரு விமானத்தைச் செய்யச் சொல்லி அதைப் பறக்கவிட்டார். ரைட் சகோதரர்கள் முதன்முதலாகப் பறந்து அப்போது ஏழு ஆண்டுகூட நிறைந்திருக்கவில்லை.

அடுத்த ஆண்டு, 1911 பிப்ரவரி 18-இல், ஹென்றி பெக்கே என்ற பிரெஞ்சு இளைஞர் அலகாபாத்தில் கடித மூட்டையுடன் கிளம்பி, யமுனை ஆற்றைத் தாண்டி நைனியில் இறங்கினார். உலகின் முதல் அதிகாரப்பூர்வ விமான அஞ்சல் அது. மறுமாதம் 16-ஆம் நாள், ஜோசப் கிறிஸ்டியான்ஸ் என்ற பெல்ஜியக்காரர் சிங்கப்பூர் ஃபேரர் பார்க் திடலில் இருந்து பறந்து காட்டினார். சிங்கப்பூர் மக்கள் அதற்கு முன் பறக்கும் இயந்திரத்தைக் கண்டதில்லை.

இவை எல்லாம் வித்தை காட்டுவது போன்ற முயற்சிகள். சாதாரண மனிதர் விமானம் ஓட்டக் கற்றுக்கொள்ளலாம் என்ற நிலை 1925-இல் வந்தது. அந்த ஆண்டு பிப்ரவரி 22-இல் இங்கிலாந்தில் டி ஹாவிலண்ட் நிறுவனத்தின் மோத் விமானம் முதன்முதலாகப் பறந்தது. மோத் என்றால் அந்துப்பூச்சி. பெயருக்கு ஏற்றபடி இலேசான விமானம். மரச்சட்டம், அதன் மேல் துணி, முன்னால் ஓர் இயந்திரம், ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு இருக்கைகள், அவ்வளவுதான். இறக்கைகளைப் பின்பக்கமாக மடித்துவிட்டால் மோட்டார் கொட்டகையிலேயே நிறுத்திவிடலாம்.

இந்த விமானத்தை வைத்துத்தான் ஊர் ஊராகப் பிளையிங் கிளப்புகள் தோன்றின. 1928-இல் சிங்கப்பூர் பிளையிங் கிளப் உருவானது. சென்னையிலும் கோலாலம்பூரிலும் கிளப்புகள் வந்தன. 1929 பிப்ரவரி 10-இல் ஜே.ஆர்.டி. டாட்டா இந்தியாவின் முதல் விமானி உரிமத்தைப் பெற்றார்.

எமி ஜோன்சன் என்ற பெண்மணியின் கதையையும் இங்கே சொல்லியாக வேண்டும். இலண்டனில் வழக்கறிஞர் அலுவலகத்தில் தட்டச்சு வேலை பார்த்தவர். 26 வயது. பழைய மோத் விமானம் ஒன்றை வாங்கி, 1930 மே 5-ஆம் நாள் தன்னந்தனியாக ஆஸ்திரேலியாவுக்குப் புறப்பட்டார். ரங்கூனை அடைந்தபோது மழைக்காலம் பிடித்துக்கொண்டது. விளையாட்டுத் திடலில் இறங்கிய விமானம் பள்ளத்தில் சாய்ந்து சேதமடைந்தது. அதைச் சரிசெய்துகொண்டு பேங்காக், சொங்க்லா வழியாக நமது தீபகற்பத்தின் மேல் பறந்து, சிங்கப்பூரில் இறங்கி, மே 24-இல் டார்வினை அடைந்தார். மலாயாவின் பத்திரிகைகள் அவரைக் கொண்டாடின. ஒரு தட்டச்சுக்காரப் பெண்ணால் முடியுமென்றால் நம்மால் முடியாதா என்ற ஆசை பல இளைஞர்களுக்கு அப்போது பிறந்திருக்க வேண்டும்.

பாயான் லெப்பாஸ் வந்தது

பினாங்குத் தீவின் தென்கிழக்கில் நெல்வயல்களும் தென்னந்தோப்புகளும் சூழ்ந்த பாயான் லெப்பாஸில் 1935-இல் விமானத் திடல் திறக்கப்பட்டது. பினாங்கின் பிளையிங் கிளப்பும் அந்தக் காலகட்டத்தில்தான் உருவெடுத்தது.

1936 மார்ச்சில் இம்பீரியல் ஏர்வேஸ் நிறுவனத்தின் 'டொராடோ' விமானம் பினாங்கிலிருந்து சைகோன் வழியாக ஹாங்காங் சென்றது. ஹாங்காங்கின் முதல் வழக்கமான விமானச் சேவை அது. அஞ்சல் மூட்டைகளோடு அதில் போன பயணி ஒரே ஒருவர்தான். ஓங் ஈ லிம் என்பது அவர் பெயர். 1937 ஜூன் 28-இல் வியர்ன்ஸ் ஏர் சர்வீசஸ் நிறுவனம் சிங்கப்பூர், கோலாலம்பூர், பினாங்கு ஆகிய மூன்று ஊர்களையும் இணைத்து, ரேப்பிட் என்ற சிறிய இரட்டை இயந்திர விமானத்தை ஓட்டத் தொடங்கியது.

பெரிய ஊர்களுக்கு நடுவே இப்படிப் பயணிகள் விமானம் வந்தாலும், பினாங்குவாசிகள் அடிக்கடி கண்டது கிளப்பின் சிறிய விமானங்களைத்தான். தாழ்வாகப் பறக்கும். மெதுவாகப் போகும். ஓட்டுபவரின் தலை வெளியே தெரியும். கையசைத்தால் அவரும் கையசைப்பார். இன்றைய ஜெட் விமானத்தில் இந்த உறவு இல்லை.

காற்றைப் படித்தவர்கள்

சிறு விமானம் ஓட்டுவதில் என்ன அப்படி ஓர் ஆனந்தம்?

வேகத்திலா? மோத் குடும்பத்தைச் சேர்ந்த டைகர் மோத் 1931-இல் வந்தது. உச்ச வேகம் மணிக்கு 109 மைல். இன்றைக்கு நெடுஞ்சாலையில் ஓடும் கார் அந்த வேகத்தை எட்டிவிடும். உயரத்திலா? ஒரு சில ஆயிரம் அடிதான். வசதியிலா? திறந்த இருக்கை. மழை பெய்தால் நனைய வேண்டியதுதான். தரையில் ஒருவர் நின்று புரொப்பெல்லரைக் கையால் சுற்றிவிட்டால்தான் இயந்திரம் உயிர் பெறும். முன் இருக்கையில் பயிற்றுநர், பின் இருக்கையில் மாணவர். இருவரும் பேசிக்கொள்ள ஒரு குழாய்.

ஆனந்தம் காற்றில்தான் இருந்தது. இலேசான விமானத்தைக் காற்று தூக்கும், தள்ளும், இறக்கும். மணிக்கு 25 மைல் வேகத்தில் எதிர்க்காற்று அடித்தால், 80 மைல் வேகத்தில் போகும் விமானம் தரைக்கணக்கில் 55 மைல்தான் முன்னேறும். எரிபொருளோ ஏறத்தாழ 300 மைலுக்குத்தான் வரும். ஆகவே காற்றின் திசை, மேகத்தின் நிறம், கடலின் மேற்பரப்பு எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்துப் பறக்க வேண்டும். புறப்படும்போதும் இறங்கும்போதும் காற்றை எதிர்கொண்டுதான் போக வேண்டும். அதற்காகத்தான் விமானத் திடலின் ஓரத்தில் கம்பத்தில் ஒரு துணிப்பையைக் கட்டி வைத்திருப்பார்கள். அது எந்தப் பக்கம் ஊதி நிற்கிறதோ அதைப் பார்த்துத் திசையை முடிவு செய்வார்கள்.

இந்த இடத்தில் நேயர்கள் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலைக்குத் திரும்பி வர வேண்டும். இந்தச் சாலைக்குப் பெயர் தந்த காதர் முகைதீன் மரைக்காயர் சோழமண்டலக் கரையிலிருந்து வந்த வணிகர். இங்குள்ள தமிழ் முஸ்லிம்களின் தலைவராக, அதாவது கப்பித்தானாக, 1801-இல் நியமிக்கப்பட்டவர். பள்ளிவாசலுக்கு நிலம் கிடைத்ததும் அந்த ஆண்டில்தான். அவர் காலத்து மக்கள் நாகப்பட்டினத்திலிருந்தும் பரங்கிப்பேட்டையிலிருந்தும் எப்படி வந்தார்கள்? பாய்மரக் கப்பலில். தென்மேற்குக் காற்றுக் காலத்தில் கிழக்கு நோக்கி வருவார்கள். சரக்கை விற்று, புதிய சரக்கை ஏற்றிக்கொண்டு, வடகிழக்குக் காற்று தொடங்கியதும் ஊர் திரும்புவார்கள். கச்சான், கொண்டல், வாடை என்று ஒவ்வொரு திசைக்காற்றுக்கும் தனித்தனிப் பெயர் வைத்து வாழ்ந்தவர்கள் அவர்கள். காற்று தவறினால் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். சில நேரம் திரும்பி வராமலே போவதும் உண்டு.

பினாங்குக்கு வடக்கே கெடாவில் 1,217 மீட்டர் உயரத்தில் நிற்கும் ஜெராய் மலைதான் பழங்காலத்துக் கடலோடிகளுக்கு அடையாளம். கடாரம் என்று நாம் பெருமையோடு சொல்லும் அந்தத் துறைக்கு வந்தவர்கள் தூரத்திலிருந்தே அந்த மலையைக் கண்டு கரையை அறிந்தார்கள். பினாங்கிலிருந்து வடக்கே பறக்கும் சிறு விமானத்தின் விமானிக்கும் அதே மலைதான் கண்ணில் படும் அடையாளம். ஆயிரம் ஆண்டு இடைவெளியில் இருவரும் ஒரே பாடத்தைப் படித்திருக்கிறார்கள்.

நமது நாட்டில் பருவம் இல்லையா?

"குளிர்காலம், வசந்தகாலம் எல்லாம் வெள்ளைக்காரர் நாட்டில்தான். இங்கே எந்நாளும் வெயில், எந்நாளும் மழை" என்று சொல்கிறவர்கள் உண்டு. சிறு விமானம் ஓட்டுகிறவர்களிடம் அப்படிச் சொன்னால் சிரிப்பார்கள்.

டிசம்பர் முதல் பிப்ரவரி வரை கிழக்குக் கரையில் வெள்ளம் வரும். ஆனால் நடுவே நிற்கும் மலைத்தொடர் தடுப்பதால் பினாங்குப் பக்கம் பெரும்பாலும் வறண்ட, தெளிந்த வானம். ஜனவரிக் காலையில் மேலே ஏறினால் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை மலைகள் தெரியும். ஏப்ரல், மே மாதங்களில் காற்று அடங்கி, பிற்பகலில் இடிமேகம் திரளும். தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் விடியலுக்கு முன்பே மேற்கிலிருந்து ஒரு புயல்வரிசை கடலைக் கடந்து வரும். 'சுமத்ரா' என்றே அதற்குப் பெயர். வந்த வேகத்தில் கூரையைப் பெயர்த்துவிட்டுப் போய்விடும். செப்டம்பர், அக்டோபர் மாதங்கள் மழை மிகுந்தவை. 1997-இலும் 2015-இலும் வந்ததுபோல் புகைமூட்டம் சேர்ந்துகொண்டால் பறப்பதையே மறந்துவிட வேண்டும்.

நாளுக்குள்ளும் பருவம் உண்டு. காலையில் காற்று அமைதி. வெயில் ஏற ஏறத் தரை சூடாகி, விமானம் குண்டும் குழியுமான சாலையில் போகும் பேருந்து போலக் குலுங்கும். பினாங்குக் குன்றின் தலையில் மேகம் உட்காரும். ஆகவே காலையில் பறப்பதே நல்லது.

கீழே பார்த்தாலும் பருவம் தெரியும். செபராங் பிறையிலும் கெடாவிலும் விரிந்து கிடக்கும் நெல்வயல்கள் ஒரு காலத்தில் கண்ணாடி போல் நீர் நிரம்பி, பறக்கும் விமானத்தின் நிழலைக் காட்டும். பிறகு பச்சை. அதன் பிறகு பொன்னிறம். அறுவடை முடிந்ததும் மண்ணின் நிறம். போருக்கு முன் பறந்தவர்கள் இந்த மாற்றத்தை ஆண்டுக்கு ஒரு முறை கண்டிருப்பார்கள். 1970-இல் மூடா நீர்ப்பாசனத் திட்டம் வந்து இருபோகச் சாகுபடி தொடங்கிய பிறகு, கெடா வயல்களில் அது இரண்டு முறை ஆனது. தரையில் நிற்கும் விவசாயிக்குத் தன் வயலின் நிறம் தெரியும். ஒரு மாவட்டமே நிறம் மாறுவது மேலே இருப்பவருக்குத்தான் தெரியும்.

இந்தக் கடல் எவ்வளவு ஆபத்தானது என்பதையும் சொல்ல வேண்டும். 1935 நவம்பர் 8-ஆம் நாள் அதிகாலை, உலகப் புகழ்பெற்ற ஆஸ்திரேலிய விமானி சார்ல்ஸ் கிங்ஸ்ஃபோர்ட் ஸ்மித், துணை விமானியுடன் அலகாபாத்திலிருந்து சிங்கப்பூருக்கு ஒற்றை இயந்திர விமானத்தில் வந்துகொண்டிருந்தார். அந்தமான் கடல் பகுதியில் இருவரும் விமானத்தோடு மறைந்துபோனார்கள். பின்னர் பர்மாக் கரையோரம் விமானத்தின் சக்கரப் பகுதி ஒன்று மட்டும் கிடைத்தது. பசிபிக் பெருங்கடலையே தாண்டிய அனுபவசாலிக்கு நேர்ந்த கதி அது. அவருக்கு என்ன நடந்தது என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. கடலும் வானமும் பெரியவை, விமானம் சிறியது என்பதை அன்றைய விமானிகள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

முப்பத்தைந்து ஆண்டுக் கூலி

இனி, கசப்பான கணக்கு ஒன்று. 1920களின் இறுதியில் ஒரு ஜிப்சி மோத் விமானத்தின் விலை 650 பவுன். அன்றைய மலாயா வெள்ளியின் மதிப்பு 2 ஷில்லிங் 4 பென்ஸ். அப்படியானால் விமானத்தின் விலை ஏறத்தாழ 5,570 வெள்ளி. அதே காலத்தில் தோட்டப்புறத்தில் பால் மரம் சீவிய நம்மவரின் நாள் கூலி அரை வெள்ளி அளவில்தான் இருந்தது. மாதம் 26 நாள் வேலை என்று வைத்துக்கொண்டால், ஒரு காசுகூடச் செலவழிக்காமல் 35 ஆண்டுகளுக்கு மேல் சேர்த்தால்தான் அந்தச் சின்னஞ்சிறு விமானம் ஒன்றை வாங்க முடியும்.

கிளப்பில் சேர விமானம் வாங்க வேண்டியதில்லை, வாடகைக்கு ஓட்டலாம் என்பது உண்மைதான். ஆனாலும் மலாயாவின் கிளப்புகளில் தோட்டத் துரைமார்களும் அரசு அதிகாரிகளும் வசதி படைத்த வணிகர் வீட்டுப் பிள்ளைகளுமே மிகுதி. நம்மவரில் பெரும்பாலோர் வந்ததும் போனதும் கப்பலில்தான். 1926-இல் கட்டப்பட்ட எஸ்.எஸ். ரஜூலா, சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று 1970களின் தொடக்கம் வரை ஓடியது. அதன் மேல்தளத்தில் பாய் விரித்து, நாள்கணக்கில் கடல் பார்த்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று இந்தப் பக்கத்தைப் படித்துக்கொண்டிருக்கக்கூடும்.

எனவே பறந்தவர் சிலர், பார்த்தவர் பலர். பார்ப்பதற்குக் காசு வேண்டாம். அதனால்தான் பார்த்தார்கள்.

விளையாட்டு போர்க்கோலம் பூண்டது

போர் மேகம் சூழ்ந்தபோது கிளப் விமானங்களும் சீருடை அணிந்தன. பல ஊர்க் கிளப்புகளின் உறுப்பினர்களையும் விமானங்களையும் கொண்டு மலாயா தொண்டூழிய விமானப்படை அமைக்கப்பட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் பொழுதுபோக்குக்காகப் பறந்த மோத் விமானங்களில், துப்பாக்கிகூட இல்லாமல், செய்தி கொண்டுபோவது, வேவு பார்ப்பது போன்ற வேலைகளைச் செய்தார்கள். எதிரே வந்ததோ நவீனப் போர் விமானங்கள். அந்துப்பூச்சி பருந்தின் முன் எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கும்?

1941 டிசம்பர் 8-இல் ஜப்பானியர் கோத்தா பாருவில் இறங்கினார்கள். அன்றே வட மலாயாவின் விமானத் தளங்கள் தாக்கப்பட்டன. மூன்றாம் நாள்தான் தொடக்கத்தில் சொன்ன அந்த வியாழக்கிழமை. தொடர்ந்தும் குண்டுகள் விழுந்தன. ஆங்கிலேயர் தங்கள் மக்களை மட்டும் இரவோடு இரவாக ஏற்றிக்கொண்டு தீவை விட்டுப் போனார்கள். ஆசிய மக்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அந்த வேளையில் முன்னால் வந்து நின்றவர் ஒரு தமிழர். 'ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ' நாளிதழின் ஆசிரியர், இலங்கையில் பிறந்த மாணிக்கசோதி சரவணமுத்து. பல இனத்தாரும் சேர்ந்த சேவைக் குழுவுக்குத் தலைமை தாங்கி, சோறு, தண்ணீர், காவல் எல்லாவற்றுக்கும் வழி செய்தார். ஆனால் விமானங்கள் மறுபடியும் வந்தால் என்ன செய்வது? பள்ளிவாசல் சாலையிலிருந்து நடந்தே போகக்கூடிய தூரத்தில் இருக்கும் கார்ன்வாலிஸ் கோட்டையில் பறந்துகொண்டிருந்த பிரிட்டிஷ் கொடியை அவர் இறக்கினார். ஆங்கிலேயர் போய்விட்டார்கள், இங்கே தற்காப்பு இல்லை என்று வானொலி வழியாகவும் அறிவிக்கச் செய்தார். டிசம்பர் 19-இல் ஜப்பானியப் படை தீவுக்குள் நுழைந்தது.

வானத்திலிருந்து பார்ப்பவர்களுக்குப் புரியும்படி ஒரு கொடியை இறக்கியதன் மூலம், கீழே இருந்தவர்களைக் காக்க முயன்றவர் அவர். அந்தத் தலைமுறைக்கு விமான இரைச்சல் அதன்பிறகு பழைய இரைச்சலாக இருக்கவில்லை. பல குடும்பங்களில் பெரியவர்கள் நெடுநாள் கழித்தும் அந்தச் சத்தம் கேட்டால் பிள்ளைகளை உள்ளே வரச் சொல்லி அழைப்பார்கள்.

மீண்டும் எழுந்த இறக்கைகள்

போர் முடிந்தது. 1947 மே 1-இல் மலாயன் ஏர்வேஸ் நிறுவனம் சிங்கப்பூரிலிருந்து கோலாலம்பூர், ஈப்போ வழியாகப் பினாங்குக்கு வழக்கமான சேவையைத் தொடங்கியது. ஏர்ஸ்பீட் கான்சல் என்ற அந்த விமானத்தில் ஐந்து பயணிகள் மட்டுமே உட்காரலாம். இன்றைய மலேசியா ஏர்லைன்ஸும் சிங்கப்பூர் ஏர்லைன்ஸும் அந்த ஐந்து இருக்கை விமானத்தின் வழித்தோன்றல்களே.

1950-இல் மலாயா துணை விமானப்படை அமைக்கப்பட்டு, பினாங்கிலும் ஒரு பிரிவு செயல்பட்டது. வார நாள்களில் அலுவலக வேலை, வார இறுதியில் டைகர் மோத் என்று உள்ளூர் இளைஞர்கள் பறக்கக் கற்றார்கள். சுதந்திரத்துக்குப் பின் 1958 ஜூன் 2-இல் நமது விமானப்படை பிறந்தது. அதன் முதல் விமானமும் சிறியதுதான். குறுகிய திடலிலும் இறங்கக்கூடிய ட்வின் பயோனியர். 'லாங் ராஜாவாலி' என்று அதற்குப் பெயர் சூட்டப்பட்டது.

கடலுக்கு அப்பால் தமிழகத்தில் என்ன நடந்தது என்பதையும் பார்ப்போம். சென்னை பிளையிங் கிளப் அதற்குள் பெயர் பெற்றிருந்தது. 1935 நவம்பர் 27-இல் இலங்கையின் இரத்மலானை விமானத் திடலில் முதன்முதலாக வந்து இறங்கிய சிறு விமானத்தை ஓட்டியவர், சென்னை கிளப்பின் தலைமைப் பயிற்றுநர் டின்டேல் பிஸ்கோ. அந்தக் கிளப்போடு தொடர்புடைய கேப்டன் வி. சுந்தரம், தம் மனைவி உஷாவுக்கும் விமானம் ஓட்டும் ஆர்வத்தை ஊட்டினார். பெங்களூரு ஜக்கூர் பயிற்சிப் பள்ளியில் 1949-இல் தேறி வெளியே வந்த உஷா சுந்தரம், சுதந்திர இந்தியாவின் முதல் பெண் விமானியானார்.

1951-இல் சென்னை அரசாங்கத்துக்காக டவ் என்ற சிறு விமானத்தை வாங்க இருவரும் இங்கிலாந்து சென்றார்கள். அதைத் தாங்களே ஓட்டிக்கொண்டு 27 மணி நேரத்தில் பம்பாய் வந்து சேர்ந்தார்கள். இலண்டனிலிருந்து பம்பாய் வரை, கணவனும் மனைவியும் ஒரு சிறு விமானத்தில்! அதே சுந்தரம்தான் 1959-இல் சென்னையில் புளூ கிராஸ் என்ற பிராணிகள் நல அமைப்பைத் தொடங்கினார். மனைவியும் அந்தப் பணியில் தோள் கொடுத்தார்.

1982 அக்டோபர் 15-இல் இன்னொரு காட்சி. ஐம்பது ஆண்டுகளுக்கு முன் அதே நாளில் தாம் கராச்சியிலிருந்து பம்பாய்க்கு அஞ்சல் கொண்டுவந்த பயணத்தை ஜே.ஆர்.டி. டாட்டா மறுபடியும் செய்து காட்டினார். லெப்பர்ட் மோத் என்ற பழைய சிறு விமானம். தனியாக ஓட்டினார். அப்போது அவருக்கு வயது 78. ஏர் இந்தியாவையே உருவாக்கிய மனிதர் அவர். ஜம்போ ஜெட்டில் முதல் வகுப்பில் உட்கார்ந்து வர அவரால் முடியாதா? இலேசான விமானத்தின் மேல் ஒரு முறை மனம் வைத்தவர்களை அது விடுவதில்லை.

எட்டாத வானமா?

மோத் விமானங்களின் காலம் போய்விட்டது. 1950களின் நடுவில் வந்த செஸ்னா 172 அந்த இடத்தைப் பிடித்தது. நான்கு இருக்கை, மேலே இறக்கை. 44,000-க்கும் மேல் தயாரிக்கப்பட்டிருக்கிறது. உலகில் வேறெந்த விமானமும் இத்தனை எண்ணிக்கையில் செய்யப்படவில்லை. இறக்கை மேலே இருப்பதால் கீழே பார்க்கத் தடையில்லை. பினாங்குக் கடலின் மேல் அப்படிப் பறப்பவர் கண்ணுக்கு 1985-இல் திறந்த பாலமும் 2014-இல் திறந்த இரண்டாவது பாலமும் இரு கோடுகளாகத் தெரியும். மேலே ஏற ஏற ஆயிரம் அடிக்கு ஏறத்தாழ 2 டிகிரி வெப்பம் குறையும். நமது வெயிலில் அதுவே பெரிய சுகம்.

தனியார் விமானி உரிமத்துக்கு அனைத்துலக விதிப்படி குறைந்தது 17 வயது, 40 மணி நேரப் பறப்பு. அதில் மறக்க முடியாத நாள் ஒன்று உண்டு. பயிற்றுநர் திடீரென்று கதவைத் திறந்து இறங்கி, "இனி நீயே போய் வா" என்பார். ஓர் ஆள் எடை குறைந்ததால் விமானம் வழக்கத்தைவிட விரைவாக மேலே எழும்பும். பக்கத்து இருக்கை காலி. உதவிக்கு யாரும் இல்லை. ஒரு வட்டம் சுற்றி இறங்க வேண்டும். சில நிமிடங்கள்தான். ஆனால் விமானிகளுக்கு எத்தனை வயதானாலும் அந்த நாளின் தேதி மறப்பதில்லை.

செலவு இன்றும் குறைவில்லை. உரிமம் பெற்று முடிக்கப் பல்லாயிரம் வெள்ளி தேவைப்படும். ஆனாலும் 35 ஆண்டுக் கூலி என்ற பழைய கணக்கு மாறிவிட்டது. நம் பிள்ளைகளில் விமானிகளும் விமானப் பொறியாளர்களும் இருக்கிறார்கள். மருத்துவம், சட்டம் என்று இரண்டே கதவுகளைக் காட்டும் பெற்றோர், மூன்றாவது கதவு மேலே இருப்பதையும் பிள்ளைகளுக்குக் காட்டலாம். பறக்க முடியாதவர்களுக்கும் வழி உண்டு. சனிக்கிழமை காலையில் விமானங்கள் ஏறி இறங்குவதைப் பார்க்கப் பிள்ளைகளைக் கூட்டிப் போக அதிகச் செலவில்லை. காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறது, விமானம் ஏன் அந்தப் பக்கமாக எழும்புகிறது என்று கேட்டாலே போதும். பாடம் அங்கே தொடங்கிவிடும்.

கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் நாணயம் மாற்றும் கடைகளும் நகைக் கடைகளும் பூமாலைக் கடைகளும் பரபரப்பாக இருக்கும். பள்ளிவாசலின் மனோராவுக்கு மேலே அதே வானம். சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலைத் தள்ளி வந்த அதே காற்றுதான் இன்றும் பருவம் தவறாமல் மாறி மாறி வீசுகிறது. 1941-இல் அந்தப் பகுதியில் அண்ணாந்து பார்த்தவர்கள் செய்த தவறு எதுவும் இல்லை. ஓர் அழகான பொருளைப் பார்க்க ஆசைப்பட்டார்கள், அவ்வளவுதான். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் விமானச் சத்தம் கேட்டுப் பயமில்லாமல் வெளியே ஓடி வந்து பார்க்கும் காலம் இது. அந்தக் காலத்தைக் காப்பாற்றி வைக்க வேண்டியது பெரியவர்களின் கடமை.